ரிப்பீட்டருக்கு அந்தப் பக்கம்

ஒரே கட்டடத்துக்குள் அடங்கிவிடும் தீ எச்சரிக்கை அமைப்புக்கு ரிப்பீட்டர் பெரும்பாலும் தேவைப்படாது. கல்லூரி வளாகம், நூற்பாலை, பல பிளாக்குகள் உள்ள மருத்துவமனை போன்ற இடங்களில் பேனல்கள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி நிற்கும். பிளாக்குக்கு ஒரு பேனல் இருக்கும். எல்லாவற்றையும் நுழைவாயில் பக்கத்துக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து முதன்மைப் பேனல் கவனித்துக்கொண்டிருக்கும். நடுவே ஓடும் தகவல் கேபிள் நீள நீள சிக்னல் தேய்கிறது, அதன் வடிவமும் குலைகிறது. அப்படி வருவதை வாங்கி முழு வலுவோடு அடுத்த கேபிளில் ஏற்றிவிடும் கருவியைப் பற்றியது இந்த அத்தியாயம். காவலர் அறையில் மாட்டி, முதன்மைப் பேனலின் திரையை அப்படியே காட்டும் பெட்டியையும் சைட்டில் ரிப்பீட்டர் பேனல் என்றுதான் சொல்கிறார்கள். அது வேறு சாமான். கடையில் ஆர்டர் கொடுக்கும்போது மாடல் எண்ணோடு எழுதிக் கொடுங்கள்.

ரிப்பீட்டர் போட்ட அந்த நிமிடத்திலிருந்து ஒரு லைன் இரண்டு லைன் ஆகிவிடுகிறது. இரண்டுக்கும் தனித்தனியாக இரு முனைகள், தனித்தனி டெர்மினேஷன், தனித்தனிக் கண்காணிப்பு. இந்த வேலையில் நான் பார்த்த பழுதுகளில் பெரும்பகுதி, இதை மறந்து பழைய ஒற்றை லைனாகவே நினைத்து வயரிங் செய்ததால் வந்தவை. அதைவிடப் பெரிய ஆபத்து இன்னொன்று உண்டு. ரிப்பீட்டர் சிக்னலைக் கடத்துகிறது, ஆனால் அந்தப் பக்கத்துக் கோளாறைப் பேனலுக்குச் சொல்லாமல் மறைத்துவிடக்கூடும். எச்சரிக்கை அமைப்பில் வேலை செய்யாத கேபிளைவிட, வேலை செய்யாதது தெரியாத கேபிள் மோசமானது.

தேவையா என்று பாருங்கள்

பேனல்களுக்கு இடையிலான செம்புக் கம்பி இணைப்பில் பெரும்பாலும் ஆர்.எஸ்-485 முறைதான் ஓடுகிறது. அதன் வழக்கமான எல்லை 1,200 மீட்டர், ஒரு துண்டில் 32 யூனிட் லோடு. யூனிட் லோடு என்பதைக் கருவிகளின் எண்ணிக்கை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இப்போது வரும் பல சிப்புகள் கால் லோடு அல்லது அரைக்கால் லோடுதான் எடுக்கின்றன. மேனுவலில் பார்த்துக் கூட்டுங்கள். ரிப்பீட்டரும் இரு பக்கத்திலும் ஒவ்வொரு லோடு எடுக்கும் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

1,200 மீட்டர் என்பது நல்ல கேபிளுக்கான கணக்கு. 120 ஓம் இம்பீடன்ஸ் கொண்ட, முறுக்கிய, ஷீல்டு போட்ட ஜோடிக் கேபிளில்தான் அந்தத் தூரம் கிடைக்கும். டிடெக்டர் லூப்புக்கு வாங்கிய சிவப்பு ஆர்மர்டு கேபிளில் மீதி இருக்கிறது என்று அதையே தகவல் லைனுக்கும் இழுத்துவிடுவார்கள். முறுக்கில்லாத கேபிளாக இருந்தால் 500 மீட்டரிலேயே தகவல் தவற ஆரம்பிக்கும், உடனே ரிப்பீட்டர் கேட்பார்கள். அங்கே மாற்ற வேண்டியது கேபிள். சில தீத்தாங்கும் கேபிள்களின் கெப்பாசிட்டன்ஸ் சாதாரண டேட்டா கேபிளைவிட அதிகம். அவற்றில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்குப் பேனல் கம்பெனியின் அட்டவணையை மட்டும் நம்புங்கள்.

அடுத்து ஒரு கடுமையான எச்சரிக்கை. ஸ்மோக் டிடெக்டர்கள் உட்காரும் அட்ரஸபிள் லூப்பில் ஆர்.எஸ்-485 ரிப்பீட்டரைப் போடவே கூடாது. அந்த லூப்பில் மின்சாரமும் தகவலும் ஒரே இரண்டு கம்பியில் சேர்ந்து போகின்றன. ஒவ்வொரு கம்பெனியும் தன் சொந்த மொழியில் பேசுகிறது. லூப் நீளம் போதாவிட்டால் இன்னொரு லூப் கார்டு சேருங்கள், அல்லது அந்தக் கம்பெனியே தரும் பூஸ்டரைக் கேளுங்கள்.

தகவல் லைனுக்கும், தொழிற்சாலை ஆட்டோமேஷனுக்கென்று கடையில் மலிவாகக் கிடைக்கும் ரிப்பீட்டர் மேசையில் ஓடிக் காட்டும். அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். ரிப்பீட்டர் ஒவ்வொன்றும் கொஞ்சம் தாமதம் சேர்க்கிறது. லைனில் பேசும் திசை மாறும்போது, யார் பேசுகிறார் என்று கண்டுபிடித்துத் திரும்ப அதற்கு நேரம் வேண்டும். பேனல் எதிர்பார்க்கும் நேரத்துக்குள் பதில் வராவிட்டால் கம்யூனிகேஷன் ஃபால்ட் வந்து வந்து போகும். தொடராக எத்தனை ரிப்பீட்டர் போடலாம், எந்த மாடல் போடலாம் என்பதைப் பேனல் கம்பெனி எழுத்தில் தந்திருக்க வேண்டும். அமெரிக்க முறையில் யு.எல். 864, ஐரோப்பிய முறையில் ஈ.என். 54-13 ஆகியவை கருவிகள் ஒன்றோடொன்று பொருந்துவதையும் சேர்த்தே பார்க்கின்றன. ஆய்வுக்கு வரும் அதிகாரி கேட்பதும் அந்தக் காகிதத்தைத்தான்.

எங்கே வைப்பது? முதன்மைப் பேனலிலிருந்து கடைசிப் பேனல் 1,800 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 1,200-ல் ஒன்று போட்டு மீதி 600 என்று பிரிப்பது எல்லையில் நடப்பது. 900-ஐ ஒட்டி, மின்சாரமும் கூரையும் பூட்டும் உள்ள ஒரு கட்டடத்தில் வையுங்கள். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே வேண்டவே வேண்டாம். கேபிள் ஷாஃப்டில் கைக்கெட்டும் உயரத்தில், சிவப்புப் பெட்டிக்குள், தலைக்கு மேல் ஒரு ஸ்மோக் டிடெக்டர் இருக்கும் இடமாகப் பாருங்கள். அந்த அறையிலேயே தீப்பிடித்தால், ரிப்பீட்டர் கருகுவதற்கு முன் செய்தி வெளியே போயிருக்க வேண்டும்.

ஒவ்வொரு துண்டும் ஒரு முழு லைன்

120 ஓம் டெர்மினேஷன் ரெசிஸ்டர் ஒரு துண்டின் இரண்டு கடைசி முனைகளிலும் வர வேண்டும், நடுவில் எங்கும் வரக் கூடாது. ரிப்பீட்டர் மொத்தப் பாதையின் நடுவில் இருப்பதால் அங்கே ரெசிஸ்டர் வேண்டாம் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். முதல் துண்டு முடிவது அங்கே, இரண்டாம் துண்டு தொடங்குவதும் அங்கே. ஆகவே இரு பக்கமும் டெர்மினேஷன் வேண்டும். பல மாடல்களில் ஜம்பராகவோ டிப் சுவிட்சாகவோ உள்ளேயே கொடுத்திருப்பார்கள். வெளியே ஒன்று, உள்ளே ஒன்று என்று இரண்டும் சேர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் லைனின் நடுவிலிருந்து கிளை பிரிக்க ரிப்பீட்டர் போட்டால், அதன் உள்வரும் பக்கம் முனை ஆகாது; அங்கே ரெசிஸ்டர் கூடாது. லைனிலிருந்து ரிப்பீட்டர் வரை வரும் கம்பியும் முடிந்தவரை குட்டையாக இருக்க வேண்டும். நேரடியாக டி-ஜாயின்ட் போட்டுக் கிளை இழுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

வயரிங் சரியா என்று ஒரு சாதாரண மல்டிமீட்டரே சொல்லிவிடும். துண்டில் உள்ள எல்லாக் கருவிகளின் மின்சாரத்தையும் நிறுத்திவிட்டு, ஏ, பி முனைகளுக்கு இடையே ஓம் பாருங்கள். புத்தகங்களில் 60 ஓம் என்றிருக்கும். இரண்டு 120 இணையாக நின்றால் 60 சரிதான், ஆனால் நீள லைனில் கேபிளின் சொந்தத் தடையும் கூடவே வரும். 1 சதுர மி.மீ. செம்புக் கம்பிக்குக் கிலோமீட்டருக்கு 18.1 ஓம், போய்த் திரும்பும் 900 மீட்டருக்குச் சுமார் 33 ஓம். ஆகவே நம் எடுத்துக்காட்டில் 67 ஓமை ஒட்டி வந்தால் லைன் ஒழுங்கு. 40-லிருந்து 53-க்குள் வந்தால் எங்கோ மூன்றாவது ரெசிஸ்டர் ஒளிந்திருக்கிறது. 150-ஐத் தொட்டால் நீங்கள் நிற்கும் முனையிலேயே ரெசிஸ்டர் இல்லை. சரியாக 120 காட்டினால் மறுமுனையில் ரெசிஸ்டர் இல்லை அல்லது வழியில் கம்பி அறுந்திருக்கிறது. எது என்று அறிய மறுமுனைக்குப் போய் அங்கிருந்து அளக்க வேண்டும். அங்கேயும் 120 வந்தால் ரெசிஸ்டர் இருக்கிறது, கம்பிதான் அறுந்திருக்கிறது. 26-க்கும் கீழே இறங்கினால் ஷார்ட். சில கருவிகளின் பயாஸ் ரெசிஸ்டர்கள் அளவை இரண்டு மூன்று ஓம் குறைத்துக் காட்டும், அது பிரச்சினையில்லை. கருவிகள் இணைந்திருக்கையில் மெகர் மட்டும் போடாதீர்கள். 500 வோல்ட் போனால் உள்ளே இருக்கும் சிப்புகள் செத்துவிடும்.

பயாஸ் என்றேனே, அது லைனில் யாரும் பேசாதபோது ஏ, பி இடையே குறைந்தது 200 மில்லிவோல்ட் வித்தியாசத்தைப் பிடித்து வைப்பதற்கானது. அது இல்லாவிட்டால் லைன் எதையோ பேசுவதுபோல் சில கருவிகள் ஏமாறும். துண்டுக்கு ஓரிடத்தில் இருந்தால் போதும். முதல் துண்டுக்கு முதன்மைப் பேனல் தந்துவிடும். இரண்டாம் துண்டுக்கு அதன் கை எட்டாது; அந்த வேலை ரிப்பீட்டரின் வெளிப்பக்கத்துக்கு உரியது.

ஏ, பி எழுத்துகளை நம்பி இணைக்காதீர்கள். ஒரு கம்பெனியின் ஏ இன்னொரு கம்பெனிக்கு பி. லைன் சும்மா இருக்கும்போது பேனல் டெர்மினலில் எது பாசிட்டிவ் என்று டி.சி. வோல்ட்டில் அளந்து, பாசிட்டிவுக்குப் பாசிட்டிவ் கொடுங்கள். மூன்றாவதாக ஒரு காமன் கம்பி கேட்கும் கருவிகளுக்கு அதையும் இழுத்தாக வேண்டும். ஆர்.எஸ்-485 தாங்கும் பொது மின்னழுத்தம் மைனஸ் 7-லிருந்து பிளஸ் 12 வோல்ட் வரைதான். காமன் இல்லாத லைன் நல்ல நாளில் ஓடும், மோட்டார்கள் ஏறும் நாளில் தடுமாறும்.

இனி டெர்மினல் வேலை. ஜோடியின் முறுக்கை டெர்மினலுக்கு ஒரு விரற்கடை முன்னால்வரை பிரிக்காமல் கொண்டுவாருங்கள். பெட்டிக்குள் அழகாக வளைக்க வேண்டும் என்று ஒரு சாண் நீளத்துக்கு முறுக்கைப் பிரித்து விரித்திருப்பதைப் பார்த்தால் எனக்கு மனம் பதறும், இரைச்சல் புகுவதே அந்தச் சாணில்தான். நுனிக்கு ஃபெரூல் போடுங்கள். ஷீல்டோடு வரும் வெற்றுக் கம்பிக்கு ஸ்லீவ் மாட்டுங்கள். அது பெட்டியின் உலோகத்தைத் தொட்டால் அதுவே ஒரு எர்த் இணைப்பு. ஷீல்டை ஒவ்வொரு துண்டுக்கும் ஒரே முனையில் மட்டும் எர்த் செய்து, மறுமுனையை இன்சுலேட் செய்து மடித்து விடுங்கள். ரிப்பீட்டர் பெட்டியில் இரண்டு துண்டின் ஷீல்டுகளையும் ஒன்றாக முறுக்கிவிடுவது எல்லோரும் செய்யும் தவறு. இரு பக்கத்தையும் மின்சார ரீதியாகப் பிரித்து வைக்கும் ஐசொலேஷன் உள்ள ரிப்பீட்டரை விலை கொடுத்து வாங்கிவிட்டு, அதன் பயனை அந்த ஒரு முறுக்கில் தொலைத்துவிடுகிறோம்.

கரண்ட் போன இரவு

ஒரு வளாகத்தில் கம்யூனிகேஷன் ஃபால்ட் அடிக்கடி வருகிறது என்று கூப்பிட்டார்கள். ஷாஃப்டைத் திறந்தால் ரிப்பீட்டர் பக்கத்தில் ஒரு பிளக் பாயின்ட், அதில் செருகிய ஒரு பிளாஸ்டிக் அடாப்டர். கூட்டிப் பெருக்க வருபவர் வாக்குவம் கிளீனருக்காக அதைப் பிடுங்கிப் பிறகு மாட்டிவிட்டிருக்கிறார். அவர் மேல் ஒரு தவறும் இல்லை. அங்கே பிளக் இருந்ததே தவறு. பிடுங்காமலே இருந்தாலும், மின்வெட்டு வந்த நொடியில் அந்த ரிப்பீட்டருக்கு அப்பால் இருந்த பிளாக்குகள் எல்லாம் முதன்மைப் பேனலின் கண்ணிலிருந்து மறைந்திருக்கும்.

ரிப்பீட்டர் தீ எச்சரிக்கை அமைப்பின் உறுப்பு. பேனலுக்கு என்ன பேட்டரி நியாயமோ அதுவே இதற்கும். இரண்டு வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, பேனலின் 24 வோல்ட் துணை அவுட்புட்டிலிருந்து கம்பி இழுப்பது. தூரம் குறைவானால் இதுவே நல்லது. ஆனால் வோல்டேஜ் இழப்பைப் பேட்டரி தீரும் நிலையில் வைத்துக் கணக்கிட வேண்டும். ரிப்பீட்டர் 150 மில்லி ஆம்பியர் எடுக்கிறது, குறைந்தது 18 வோல்ட் வேண்டும் என்று கொள்வோம். 1.5 சதுர மி.மீ. கம்பிக்குக் கிலோமீட்டருக்கு 12.1 ஓம், 900 மீட்டர் போய்த் திரும்ப 21.8 ஓம், இழப்பு 3.3 வோல்ட். கரண்ட் இருக்கும்போது பேனல் 27 வோல்ட் தருகிறது, ரிப்பீட்டருக்கு 23.7 போய்ச் சேருகிறது. கமிஷனிங் அன்று எல்லாம் பச்சை. பேட்டரி இறங்கி 21-க்கு வரும்போது அங்கே 17.7 தான் கிடைக்கும், ரிப்பீட்டர் நின்றுவிடும். பேனல் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கும். சில ரிப்பீட்டர்களின் உள்சப்ளை, வோல்டேஜ் குறையக் குறையக் கூடுதல் ஆம்பியர் இழுக்கும் வகை. அவற்றில் நிலைமை இன்னும் சீக்கிரம் கெடும். 2.5 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 2 வோல்ட், கடைசியில் 19 நிற்கும். இந்த ஒரு கணக்கைப் போடாமல் கேபிள் ஆர்டர் கொடுக்காதீர்கள்.

இரண்டாம் வழி, ரிப்பீட்டர் இருக்கும் இடத்திலேயே பேட்டரியோடு கூடிய, தீ எச்சரிக்கைக்கென்று அங்கீகாரம் பெற்ற பவர் சப்ளை. என்.எஃப்.பி.ஏ. 72 படி 24 மணி நேரம் காத்திருப்பும் அதன்பின் 5 நிமிட அலாரமும் தாங்க வேண்டும். ரிப்பீட்டருக்கு 150, சப்ளையின் சொந்தச் செலவு 50, மொத்தம் 200 மில்லி ஆம்பியர். 24 மணிக்கு 4.8 ஆம்பியர்-அவர். ரிப்பீட்டருக்கு அலாரத்திலும் அதே செலவுதான், ஐந்து நிமிடம் கணக்கில் ஏறாது. 20 சதவீதம் கூட்டினால் 5.8. கடையில் கிடைக்கும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரி இரண்டைத் தொடராகப் போட்டால் போதும். வாங்கிய தேதியைப் பேட்டரி மேலேயே மார்க்கரால் எழுதுங்கள். மெயின் சப்ளையைத் தனி பிரேக்கரிலிருந்து எடுத்து, சிவப்பில் பெயர் எழுதுங்கள். லைட்டிங் சர்க்யூட்டிலிருந்து எடுத்தால் வேலை முடிந்து சுவிட்சை அணைப்பவர் இதையும் சேர்த்து அணைப்பார்.

அந்தச் சப்ளையில் ஒரு ஃபால்ட் ரிலே இருக்கும். கரண்ட் போனாலும், பேட்டரி கழன்றாலும், சார்ஜர் கெட்டாலும் அது விடும். அந்த ரிலேயின் இரண்டு கம்பியை இணைக்காமல் விட்ட சைட்டுகள் ஏராளம். பக்கத்து லூப்பிலிருந்து ஒரு இன்புட் மாட்யூல் எடுத்து, மாட்யூல் சொல்லும் எண்ட் ஆஃப் லைன் ரெசிஸ்டரோடு அதை இணையுங்கள். பேனல் திரையில் ‘சி பிளாக் ரிப்பீட்டர் சப்ளை’ என்று பெயர் வரும்படி எழுதுங்கள். ‘மாட்யூல் 47’ என்று வந்தால் இரவுக் காவலருக்கு எதுவும் புரியாது.

கட்டடம் விட்டுக் கட்டடம்

இரண்டு கட்டடங்களின் எர்த் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. இடி இறங்கும்போது அந்த வித்தியாசம் தகவல் லைன் வழியே ஓடப் பார்க்கும். வெளியே போகும் செம்புத் துண்டுக்கு இரு கட்டட நுழைவிலும் சர்ஜ் பாதுகாப்பும், ஐசொலேஷன் உள்ள ரிப்பீட்டரும் அவசியம். என் விருப்பத்தைக் கேட்டால், மண்ணுக்குள் போகும் துண்டை ஃபைபராகவே போட்டுவிடுங்கள். எர்த் தொல்லை, இடித் தொல்லை இரண்டும் அதோடு தீர்ந்தன. ஃபைபரில் மின்சாரம் போகாது, ஆகவே இரு முனையிலும் உள்ள கன்வெர்ட்டருக்கும் மேலே சொன்ன பேட்டரிச் சட்டம் அப்படியே பொருந்தும். இழப்பு டெசிபல் கணக்கு: 850 நானோமீட்டரில் மல்டிமோடுக்குக் கிலோமீட்டருக்கு 3.5, கனெக்டர் இணைப்புக்கு 0.75, ஸ்ப்ளைஸுக்கு 0.3 என்று அதிகபட்சமாக வைத்துக் கூட்டி, மேலே 3 டெசிபல் விட்டு, கருவியின் மேனுவலோடு ஒப்பிடுங்கள்.

ஐசொலேஷனுக்கு ஒரு விலை இருக்கிறது, அதைப் பலரும் கவனிப்பதில்லை. பேனல் தன் கம்பிகளில் எர்த் ஃபால்ட் வருகிறதா என்று ஓயாமல் பார்க்கிறது. ஐசொலேஷன் உள்ள ரிப்பீட்டருக்கு அந்தப் பக்கம் மின்சார ரீதியாகத் தனித் தீவு. அங்கே கேபிள் உரசி ஒரு கோர் எர்த்தைத் தொட்டால் பேனலுக்குத் தெரியாது. தகவலும் நிற்காமல் ஓடும். பல மாதம் கழித்து இரண்டாவது கோரும் தொடும் அன்று முழுத் துண்டும் போய்விடும். அந்தத் துண்டின் மறுமுனையில் உள்ள பேனலாவது எர்த் ஃபால்ட்டைப் பார்க்கிறதா என்று மேனுவலில் தேடுங்கள். இல்லையென்றால், எர்த் கண்காணிப்பு தானே செய்யும் ரிப்பீட்டரைக் கேட்டு வாங்குங்கள்.

பேனல்களை வளையமாக இணைக்கும் அமைப்பில் போகும் கேபிளும் திரும்பும் கேபிளும் ஒரே டிரேயில் போனால் வளையத்துக்கு அர்த்தமில்லை. ஒரே தீ இரண்டையும் எரித்துவிடும். வேறு பாதையில் இழுங்கள். பல அமைப்புகளில் வளையத்தின் ஒவ்வொரு பேனலும் சிக்னலைப் புதுப்பித்தே அனுப்புகிறது. அங்கே இரண்டு பேனலுக்கு நடுவே உள்ள தாண்டல் நீளமாக இருந்தால் மட்டும் ரிப்பீட்டர் போதும்.

கெடுத்துப் பாருங்கள்

எல்லாம் ஓடுகிறது என்று கையெழுத்து வாங்குவது பாதி வேலை. நீங்களே ஒவ்வொன்றாகக் கெடுத்து, பேனல் என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். ஒருவர் பேனலிலும் ஒருவர் ரிப்பீட்டரிலும் நின்று போனில் பேசிக்கொண்டே செய்யுங்கள். உள்வரும் பக்கம் ஒரு கோரைக் கழற்றுங்கள். மாட்டிவிட்டு வெளிப்பக்கம் ஒன்றைக் கழற்றுங்கள். ஏ, பி இரண்டையும் ஷார்ட் செய்யுங்கள். ரிப்பீட்டரின் மெயினை நிறுத்துங்கள், பிறகு பேட்டரியைக் கழற்றுங்கள். வெளிப்பக்க கோர் ஒன்றை மேனுவல் சொல்லும் ரெசிஸ்டர் வழியாக எர்த்துக்குக் கொடுங்கள். ஒவ்வொன்றுக்கும் திரையில் வந்த வாசகத்தையும், வர எடுத்த நொடிகளையும் எழுதுங்கள். அவற்றில் ஏதாவது ஒன்றுக்குப் பேனல் வாயே திறக்காவிட்டால் வேலை முடியவில்லை.

அடுத்து, வளாகம் முழுதும் மெயினை நிறுத்திப் பேட்டரியில் விடுங்கள். மறுநாள் காலை, பேட்டரி இறங்கிய அந்த நிலையில், கடைசி பிளாக்கின் கடைசி டிடெக்டரில் புகை காட்டுங்கள். முதன்மைப் பேனலில் அந்த அறையின் பெயர் வர வேண்டும். அதே நேரத்தில் ரிப்பீட்டர் டெர்மினலில் உள்ள வோல்டேஜை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். சோதனை முடிந்து மெயினைப் போட்டபின் பேட்டரி முழுதாக ஏறும்வரை வளாகத்தில் கண்காணிப்புக்கு ஆள் இருக்கட்டும்.

கடைசியாக ஒரு தாள். ரிப்பீட்டர் பெட்டிக் கதவின் உட்பக்கம் பிளாஸ்டிக் உறைக்குள் ஒட்டுங்கள். எந்தத் துண்டு எங்கிருந்து எங்கே போகிறது, அதன் நீளம், இரு முனையிலிருந்தும் அளந்த ஓம், எந்தக் கோர் நிறம் பாசிட்டிவ், ஷீல்டு எந்த முனையில் எர்த் ஆகிறது, டிப் சுவிட்சுகள் நின்ற நிலை, பேட்டரி மாற்றிய தேதி, மெயின் பிரேக்கர் எந்த டி.பி.யில் இருக்கிறது என்பவை அதில் இருக்க வேண்டும். அடுத்த வருடம் சர்வீஸுக்கு வருபவர் முதலில் ஓமை அளந்து, இந்தத் தாளில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் ஸ்க்ரூ டிரைவரை எடுக்க வேண்டும்.